இரண்டு அரை பாட்டில்

காலை ஆறு மணிக்கு ஆய்வுக்கூடத்தின் கதவை வெளியிலிருந்து தாழிட்டார்கள். உள்ளே இரண்டு பேர். வேதியியல் டீச்சர் கபாஹெண்டா, முப்பது வயதுக்காரி. இன்னொருவர் கத்துராமு. ஐம்பதைத் தொடப்போகிறவர், ஆய்வுக்கூடத்துச் சாவியைப் பதினாலு வருஷமாக இடுப்பில் சுமக்கிறவர். வெளியே மும்பெரே என்கிற போலீஸ்காரன் நாற்காலியைக் கதவோடு ஒட்டிப் போட்டு, துப்பாக்கியை மடியில் கிடத்திக்கொண்டு உட்கார்ந்தான்.

செய்முறைத் தேர்வு நாளில் இதுதான் நடைமுறை. ரகசிய உறையைப் பிரித்துக் கரைசல் தயார் செய்கிறவர்கள், இரண்டாவது தொகுதிப் பிள்ளைகள் மேஜைக்கு முன்னால் வந்து நிற்கிற வரைக்கும் வெளியே போகக் கூடாது. போனெல்லாம் தலைமையாசிரியரின் இழுப்பறைக்குள். ஒன்றுக்குப் போக வேண்டுமென்றால் போலீஸ்காரன் பின்னாலேயே வருவான். சாப்பாடு ஜன்னல் கம்பி வழியாக வாழையிலைப் பொட்டலத்தில் வரும், அதையும் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பான். கத்துராமு இதைப் பதிமூன்று தடவை பார்த்தவர். தாழ்ப்பாள் சத்தம் ஒரு வருஷமும் அவரை ஒன்றும் செய்ததில்லை. இந்த வருஷம் அதைக் கேட்டதும் திரும்பி அலமாரியைப் பார்த்தார்.

டீச்சர் உறையைக் கிழித்து வாசித்தாள். பிறகு தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"சலவைச் சோடா பாட்டிலை எடுங்க அராலி."

அராலி என்பது அவருடைய மரியாதைப் பெயர். டோரோ இனத்துக்காரன் எவனுக்கும் பிறந்த கையோடு வைக்கிற பன்னிரண்டு பெயரில் ஒன்று. டீச்சருக்கு அப்வோலி. யாரும் யாரையும் சொந்தப் பெயரால் கூப்பிடுவதில்லை, கோபம் வந்தால் தவிர.

அலமாரிக்கு நாலு எட்டுத்தான். அராலி அதை நடந்து முடிக்க நேரம் பிடித்தது.

அந்த பாட்டிலுக்குள் சலவைச் சோடா மட்டும் இல்லை என்பது உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

அது நடந்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால். மழைக்காலத்தில் சரக்கறைக் கூரை ஒழுகி, சாமான்களை எல்லாம் இந்தப் பக்கம் மாற்ற வேண்டி வந்தது. மாற்றும்போது பார்த்தால் பாதி பாட்டில்கள் அரைகுறை. இங்கே அரை, அங்கே கால். அடுத்த வாரம் மாவட்டத்திலிருந்து பார்வையிட வருகிறார்கள். அராலி யோசிக்கவே இல்லை. வெள்ளையோடு வெள்ளையைச் சேர்த்தார், பழுப்போடு பழுப்பைச் சேர்த்தார். இரண்டு அரை பாட்டில் ஒரு முழு பாட்டில் ஆயிற்று. அலமாரி கண்ணுக்கு லட்சணமாக ஆயிற்று. வந்தவர்களிடம் தலைமையாசிரியர் அவரைத் தோளில் தட்டிக் காட்டினார். காலியான பாட்டில்களை அராலி கழுவி, வீட்டில் நிலக்கடலை போட்டு வைக்கக் கொடுத்துவிட்டார்.

பைத்தியக்காரத்தனம் என்று படித்தவன் சொல்லலாம். ஆனால் அராலி கட்வே உப்பு ஏரியில் வளர்ந்த ஆள். அங்கே எல்லோரும் அப்படித்தான். அரை மூட்டையை எவனும் அரை மூட்டையாகக் கட்ட மாட்டான். வெள்ளை உப்பு குறைந்தால் பக்கத்துப் பாத்தி வெள்ளை உப்பை அள்ளிப் போட்டு வாயைத் தைப்பான். சிவப்புக்குச் சிவப்பு, சாம்பலுக்குச் சாம்பல். கண் ஒன்றுதான் தராசு. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தால் ஒன்றுதான். அந்தக் கண்ணோடுதான் அவர் முப்பத்தைந்து வயதில் இந்த ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தார். பள்ளிக்கூடத்தில் ஐந்தாவதைத் தாண்டாத ஆளிடம் சாவியைக் கொடுத்தார்களே தவிர, வேறொன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை.

தப்பு என்று தெரிந்தது ஒரு வருஷம் கழித்து. அராலி ஏணியில் நின்று ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே டீச்சர் பலகையில் கோடு கிழித்துப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். உலகத்தில் உள்ள பொருளை எல்லாம் முதலில் இரண்டாகப் பிரிக்கலாம் என்றாள். ஒரே பொருளால் ஆனது தூய பொருள், பல பொருள் சேர்ந்து கிடப்பது கலவை. கலவையிலும் இரண்டு வகை. எங்கே தொட்டாலும் ஒரே மாதிரி இருப்பது ஒன்று, இடத்துக்கு இடம் மாறுவது இன்னொன்று. தூய பொருளா கலவையா என்பதைக் கண்ணால் பார்த்து மட்டும் சொல்லிவிட முடியாது என்றும் சொன்னாள். அராலியின் கையில் இருந்த ஈரத்துணி கீழே விழுந்தது. எடுக்க இறங்கியவர் மறுபடி ஏறவில்லை.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்ல முடியாதபடி ஒரு விஷயம் இருந்தது. அதற்கு முந்தின மாதம்தான் ஒரு தட்டு நிறைய கண்ணாடிக் குழாய்களைக் கீழே போட்டு உடைத்திருந்தார். தலைமையாசிரியர் ர்வகைகாரா அவரை அறைக்குக் கூப்பிட்டுச் சத்தம் போடாமல் சொன்னார், இன்னும் ஒரே ஒரு தப்பு, அதோடு ஏரிக்குத் திரும்பிப் போய்விடலாம் என்று.

ஏரி என்றால் வெளியூர்க்காரனுக்கு என்ன தெரியும். இடுப்பளவு உப்புத் தண்ணீரில் விடிந்ததிலிருந்து உச்சி வெயில் வரைக்கும் நிற்க வேண்டும். கால் விரல் இடுக்கில் வெடித்த புண் ஆறவே ஆறாது. ஆறுவதற்குள் மறுநாள் இறங்க வேண்டும். உப்பு அரிக்காமலிருக்க ஆம்பிளைகள் ஆணுறை மாட்டிக்கொண்டுதான் இறங்குவார்கள், அதை வைத்துப் பெண்கள் பண்ணுகிற கேலிக்கு அளவில்லை. அராலியின் அப்பா நாற்பத்தெட்டு வயதில் அந்தப் பாத்தியிலேயே முட்டி மடங்கி விழுந்தவர், எழவே இல்லை. அராலிக்கு இப்போது நாற்பத்தொன்பது.

அதனால் சொல்லவில்லை. அந்த பாட்டிலை யாரும் பெரிதாகத் தொடவும் இல்லை. இன்றைக்கு உறைக்குள்ளிருந்து அது பேர் சொல்லிக் கூப்பிட்டது.

டீச்சர் தூளை நிறுத்தாள், கரைத்தாள், கரைசலை அளந்து குடுவையில் விட்டு இரண்டு சொட்டு நிறங்காட்டி போட்டாள். மேலே கண்ணாடிக் குழாயிலிருந்து அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக இறக்கினாள். மஞ்சள் சிவப்பாக மாற வேண்டிய இடம் இருபத்தைந்து மில்லி. பதிமூன்றிலேயே மாறிவிட்டது. அவள் புருவத்தைச் சுருக்கினாள். கை தவறியிருக்கும் என்று அதே கரைசலில் இன்னொரு முறை பார்த்தாள். அப்போதும் பதிமூன்று.

"என் கை இல்ல. கைன்னா ரெண்டாவது தடவை வேற மாதிரி வந்திருக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அராலி குடுவையைக் கழுவிக்கொண்டிருந்தார். அப்போது அவர் வாயிலிருந்து ஒரு பொய் வந்தது. கேட்காமலே வந்தது.

"அந்த ஆசிட் பாட்டில் மூடி லூசா இருந்துச்சு டீச்சர். மழையில வீரியம் போயிருக்கும்."

டீச்சர் அவரைப் பார்த்தாள்.

"வீரியம் போனா இன்னும் அதிகமால்ல ஊத்த வேண்டியிருக்கும், அராலி? இது குறைச்சலா கேக்குது."

ஆனாலும் சும்மா விடவில்லை. சந்தேகம் என்று ஒன்று வந்துவிட்டால் அதைப் பார்த்துத்தான் தள்ள வேண்டும், பேசித் தள்ளக் கூடாது என்பது அவள் கட்சி. பிரிக்காத புது பாட்டிலை உடைத்து, அமிலம் கலந்து, மற்றதையெல்லாம் அப்படியே வைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். பதிமூன்று. அரை மணி நேரம் போயிற்று. அராலியின் பொய் தின்ற அரை மணி நேரம். மணி ஏழே கால். பத்துக்கு முதல் தொகுதிப் பிள்ளைகள் வருகிறார்கள், முப்பத்தொரு பேர். இரண்டாவது தொகுதி முப்பது பேர், இப்போதே சாப்பாட்டுக்கூடத்தில் பூட்டிக் கிடக்கிறார்கள்.

அடுத்து தண்ணீர் என்றாள். வேறு கேனில் இருந்த தண்ணீரை எடுத்து, தூளைப் புதிதாக நிறுத்துக் கரைத்தாள். ஒன்பதில் மாறிவிட்டது. நெற்றியில் அடித்துக்கொண்டாள். தண்ணீரையும் மாற்றி, தூளையும் புதிதாக நிறுத்ததில், மாறினது எதனால் என்று சொல்ல முடியாமல் போயிற்று. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும் என்று பிள்ளைகளுக்குத் தொண்டை கிழியச் சொல்கிறவள் தானே அதைச் செய்தாளே என்று அவளுக்கு அவமானம். அதே தண்ணீரில் இன்னொரு முறை தூளை நிறுத்துக் கரைத்தாள். பதினாறு.

தராசில் எடைக்கல்லை வைத்துப் பார்த்தாள். தராசு சரி.

அராலி இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார். ஏரியில் ஒரு பழக்கம் உண்டு. பாத்தியில் தண்ணீர் கசிந்தால் நாலு பக்கத்து மண் வரப்பையும் ஒவ்வொன்றாக மிதித்துக்கொண்டே வருவார்கள். மூன்று கெட்டியாக இருந்தால் ஓட்டை நாலாவதில் இருக்கிறது என்று அர்த்தம், கையை விட்டுத் தேட வேண்டியதில்லை. அவள் கையை மிதித்தாள், அமிலத்தை மிதித்தாள், தண்ணீரை மிதித்தாள், தராசை மிதித்தாள். மிச்சம் ஒரு வரப்பு. அதன் மேல் அவர் நின்றுகொண்டிருந்தார். ஜன்னல் கம்பிக்கு வெளியே மும்பெரே பல் குத்திக்கொண்டிருந்தான். கதவு தாழிட்டிருந்தது.

டீச்சர் பாட்டிலை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். மேலே இருந்த தூள் மாவு மாதிரி. அடியில் இருந்தது கொஞ்சம் பொடிக்கல்லாக மின்னியது. சாய்த்தால் இரண்டும் இரண்டு விதமாகச் சரிந்தன.

"கத்துராமு" என்றாள்.

மரியாதைப் பெயர் போய்விட்டது. தன் சொந்தப் பெயரை அவள் வாயால் அவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

"இதுல என்ன இருக்கு?"

பொய் சொல்ல இன்னும் இடம் இருந்தது. வாங்கும்போதே அப்படித்தான் வந்தது என்று சொல்லலாம். வாங்கின கடைக்காரன் இப்போது கடையையே மூடிவிட்டான், யாரும் போய்க் கேட்கப் போவதில்லை. அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் ஒரு மணி நேரத்துக்கு முன்னால் தான் சொன்ன பொய்யை அவள் எப்படி உட்கார்ந்து ஒன்றுமில்லாமல் ஆக்கினாள் என்று பார்த்தவர் அவர். இதையும் ஆக்குவாள். அதற்கு இன்னும் அரை மணி நேரம் போகும். பிள்ளைகளுக்கு அந்த அரை மணி நேரம் இல்லை.

சொன்னார். கூரை ஒழுகியதிலிருந்து ஜன்னல் துடைத்தது வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லும்போது கையில் இருந்த குடுவையைக் கழுவிக்கொண்டே இருந்தார். அது எப்போதோ சுத்தமாகிவிட்டது.

டீச்சர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சோடாவோட எதைச் சேர்த்தீங்க? அது தெரியாம நான் ஒரு அடி எடுத்து வைக்க முடியாது. சமையல் உப்புன்னா தொந்தரவு இல்ல, அது ஆசிட்டைத் தொடாது, ஓரமா நிக்கும். சமையல் சோடான்னா அதுவும் சேர்ந்து ஆசிட்டைத் தின்னும். அப்ப எல்லாம் போச்சு."

அராலிக்கு நினைவில்லை. அன்றைக்கு மேஜையில் இரண்டும் இருந்தன, உப்பும் அரை, சமையல் சோடாவும் அரை. எது எதற்குள் போயிற்று என்று அவர் பார்க்கவில்லை. வெள்ளை என்று மட்டும் பார்த்தார். போய் விளக்கைப் பற்றவைத்தார்.

"எனக்குத் தெரிஞ்ச மாதிரி பாக்கட்டுமா டீச்சர்?"

கரைசலில் ஒரு கரண்டி எடுத்துக் கண்ணாடித் தட்டில் விட்டு, இளஞ்சூட்டில் வற்ற வைத்தார். ஓரம் வெளுத்து வரும்போது விளக்கை விலக்கிவிட்டுப் பூதக்கண்ணாடியை வைத்துக் குனிந்தார். ஏரியில் வற்றுகிற பாத்தியில் எதை முதலில் அள்ளுவது என்று அவருக்குப் பத்து வயதில் தெரியும். நல்ல உப்பு பெட்டி பெட்டியாகக் கட்டும், நாலு மூலையும் கூராக இருக்கும். கசப்புச் சோடாவுக்கு அந்த உருவம் வராது, அது பாளமாகவும் ஊசியாகவும் படியும். தட்டின் ஓரத்தில் சின்னச் சின்னப் பெட்டிகள் உட்கார்ந்திருந்தன.

"உப்பு" என்றார்.

டீச்சரும் குனிந்து பார்த்தாள். அவளுக்கு அது போதாது. கரைசலில் கொஞ்சம் எடுத்து நைட்ரிக் அமிலம் விட்டு, நுரை அடங்கினதும் சில்வர் நைட்ரேட் இரண்டு சொட்டு விட்டாள். தயிர் திரிந்த மாதிரி வெள்ளையாகத் திரண்டது. உப்பு இருக்கிறது. ஆனால் உப்பு இருக்கிறது என்பதால் சமையல் சோடா இல்லை என்று ஆகிவிடாது. மேலேயும் நடுவிலேயும் அடியிலேயும் தூளை எடுத்துக் குழாயில் போட்டுச் சூடாக்கினாள். சமையல் சோடா இருந்தால் சூட்டில் காற்றுக் கிளம்பிச் சுண்ணாம்புத் தண்ணீரைப் பாலாக்கும். சுண்ணாம்புத் தண்ணீர் தெளிவாகவே நின்றது. அப்போதுதான் மூச்சு விட்டாள்.

மணி எட்டரை.

"சரி. ஆனா எவ்வளவு நிறுக்கிறது? ஒவ்வொரு கரண்டியும் ஒவ்வொரு விதமா இருக்கு. பதிமூணுங்குது, ஒம்போதுங்குது, பதினாறுங்குது."

"மூட்டையில கை விட்டா அப்படித்தான் டீச்சர். ஒரு பிடி போல இன்னொரு பிடி இருக்காது. பாத்தியில அப்படி இல்ல. கரைஞ்சிட்டா எந்த மூலையில மொண்டாலும் ஒண்ணுதான். மொத்தமா வாளியில கொட்டிக் கரைச்சிருவோம். அப்புறம் அது எவ்வளவு கேக்குதுன்னு பாத்துத் தண்ணி சேத்துக்கலாம்."

டீச்சர் அவரை ஒரு பார்வை பார்த்தாள். போன வருஷம் ஜன்னலுக்கு வெளியே ஏணியில் நின்ற ஆளை இன்றைக்குத்தான் பார்க்கிற மாதிரி. பிறகு வாளியை எடுத்தாள்.

கெட்டியாகக் கரைத்தார்கள். அராலி மரக்கரண்டியால் அடி தொட்டுக் கிண்டினார், ஏரியில் கிண்டுகிற அதே கை. டீச்சர் பார்த்தாள், கணக்குப் போட்டாள், தண்ணீர் சேர்த்தாள், மறுபடி பார்த்தாள். மேலிருந்து மொண்டதும் இருபத்தைந்து, அடியிலிருந்து மொண்டதும் இருபத்தைந்து. ஒன்பதே முக்காலுக்கு முப்பத்தொரு குடுவைகள் மேஜையில் வரிசையாக நின்றன.

மேற்பார்வைத் தாளில் ஒரு கட்டம் உண்டு. கொடுத்த முறையிலிருந்து விலகியிருந்தால் காரணம் எழுத வேண்டும். டீச்சர் பேனாவை மூடியும் திறந்தும் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள்.

"பாட்டில் சுத்தமா இல்லன்னு மட்டும் எழுதலாம்" என்றாள்.

சொன்னாளே தவிர அப்படி எழுதவில்லை. நடந்ததை நடந்த வரிசையில் எழுதி, கடைசியில் தன் கையெழுத்தைப் போட்டுத் தாளை அவர் பக்கம் திருப்பினாள். அவர் கத்துராமு என்று எழுத்துக் கூட்டிப் போட்டார். போட்டுவிட்டு நிமிர்ந்தபோது அவள், அவர் காலையிலிருந்து பயந்துகொண்டிருந்த கேள்வியைக் கேட்டாள்.

"இது மாதிரி இன்னும் எத்தனை இருக்கு, அராலி?"

"பதினொண்ணு."

மதியம் ஒன்றரைக்கு இரண்டாவது தொகுதி உள்ளே வந்த பிறகுதான் மும்பெரே தாழை எடுத்தான். தலைமையாசிரியர் தாளை இரண்டு தடவை வாசித்தார். அன்றும் சத்தம் போடவில்லை. அந்தப் பதினொரு பாட்டில் எவை எவை என்று இந்த ஆளைத் தவிர யாருக்கும் தெரியாது. அதனால் அவ்வளவையும் பார்த்துப் பேர் ஒட்டுகிற வரைக்கும் சாவி இவனிடமே இருக்கட்டும், ஒட்டி முடிக்கிற அன்றைக்குச் சாவியை என் மேஜையில் வைத்துவிட்டுப் போகலாம் என்றார்.

வெளியே வந்தபோது மும்பெரே கேட்டான், "என்ன பெரியவரே, தூக்கா விடுதலையா?" அராலி, அரிசியையும் கல்லையும் பிரித்துக் கொடுத்து முடிக்கிற அன்றைக்குத் தூக்கு என்றார். அவன் புரியாமல் சிரித்தான்.

பிறகு நடந்ததைக் கணக்காகச் சொல்ல முடியாது. பள்ளி விடுமுறை விட்டது. டீச்சர் தினமும் இரண்டு மணி நேரம் வந்து உட்காருவாள். தண்ணீரில் கரைகிறதா, காந்தம் பிடிக்கிறதா, சூட்டில் நிறம் மாறுகிறதா, அமிலத்தில் நுரைக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். துருவேறின இரும்புத்தூளும் மணலும் காந்தத்தில் பிரிந்துகொடுத்தன. மாவும் உப்பும் வடிதாளில் பிரிந்தன. சிலதைப் பிரிக்க முடியவில்லை. அவற்றின் மேல் அராலி 'கலவை' என்று கொட்டை எழுத்தில் எழுதி, உள்ளே இருப்பது எது எது என்று கீழே எழுதி ஒட்டினார். இரண்டு வாரத்தில் பத்து முடிந்தது.

பதினொன்றாவது என்ன என்பது அவருக்கு மூன்றாவது நாளே தெரியும். தனியாக இருந்தபோது பார்த்துவிட்டார். ஆனால் ஒட்டவில்லை. இன்னும் பிடிபடவில்லை என்று டீச்சரிடம் சொன்னார். ஒரு வாரம் சொன்னார். அந்த ஒரு பாட்டில் பேர் இல்லாமல் நிற்கிற வரைக்கும் தண்ணீருக்குள் இறங்க வேண்டியதில்லை. வீட்டில் மனைவி அகீகி, முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் கால்புண்ணுக்குப் போடுகிற நெய்யைப் பரணிலிருந்து எடுத்துக் கீழே வைத்தாள்.

டீச்சர் ஒரு நாள் அந்த பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். அவர் வேண்டுமென்றே இழுத்தடிக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும்.

"அவசரமில்ல அராலி" என்று சொல்லி இருந்த இடத்திலேயே வைத்தாள்.

அவள் போன பிறகு அராலி அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். இப்போது அந்தப் பொய்க்குள் இரண்டு பேர் ஆகிவிட்டார்கள். நாளைக்கு எந்தப் பிள்ளையாவது அந்த பாட்டிலில் கரண்டியைப் போடும், கண்ணால் பார்த்து வெள்ளை என்று எழுதும். அவர் எழுந்து சீட்டு எழுதினார். படிகாரமும் சர்க்கரையும், கலவை. ஒட்டினார். சாவியைத் தலைமையாசிரியரின் மேஜையில் வைத்தார். அவர் இழுப்பறையைத் திறந்து அதைப் போட்டு மூடினார். அந்த இழுப்பறைச் சத்தம் தாழ்ப்பாள் சத்தம் மாதிரியே இருந்தது.

திங்கட்கிழமை விடியும்போது அராலி அப்பாவின் பாத்தியில் நின்றார். தண்ணீர் மாறவில்லை. முதல் நாளே கணுக்காலில் கடித்தது.

மாதக் கடைசியில் மூட்டை கட்டுகிற அன்றைக்கு அவரிடம் இரண்டு அரை மூட்டை இருந்தது. ஒன்று காலைப் பாத்தி உப்பு, மற்றது கடைசியில் வழித்தது, லேசாகக் கசக்கும். கண்ணுக்கு இரண்டும் வெள்ளை. பக்கத்துப் பாத்திக்காரி அட்யேரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏன்யா அராலி, பள்ளிக்கூடத்துல இருந்து வந்தது தப்பில்ல, பள்ளிக்கூடத்தையே தூக்கிட்டு வந்துட்டியா? ரெண்டையும் ஒண்ணாக் கொட்டித் தைக்க வேண்டியதுதானே. லாரிக்காரன் அரை மூட்டையைத் தொட மாட்டான்."

"தொடாட்டிப் போறான்" என்றார் அராலி. கோணி ஊசியில் நூலைக் கோத்து, இரண்டு வாயையும் தனித்தனியாகத் தைத்தார்.